எந்த விரல் மரத்துப்போனது

முதலில் வலித்தது எது என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முழங்கை என்று நான் நினைக்கிறேன். இல்லை, கட்டைவிரல் என்று என் கணவர் சொல்கிறார். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது பாதியில் நிறுத்திவிட்டு, ஈரத்தை உதறுவதுபோல நான் கையை உதறியதை அவர் பார்த்தாராம். எனக்கு அந்த நாள் நினைவில்லை. புடவைக்கு ஊக்கு குத்தும்போது, ஊக்கு விரலில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு காலைதான் எனக்கு நினைவில் இருக்கிறது.

எனக்கு பெங்களூரில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் காப்பீட்டுக் காகிதங்களைப் படித்து, நோயாளிக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பதினோரு வருஷம் ரயிலில் போய்வந்தேன். எங்கள் வீடு கோலார் பக்கம், மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸில். மாரிகுப்பத்தில் ரயில் கிளம்புவதால் போகும்போது உட்கார இடம் கிடைத்துவிடும். வரும்போது கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும். பிறகு கொரோனா வந்தது, வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றார்கள். அது ஓய்ந்த பிறகும் எங்கள் பிரிவை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. மாதத்துக்கு இரண்டு நாள் முகத்தைக் காட்டினால் போதும். ரயிலில் கூட வந்த பெண்கள் என்னை எங்கே பார்த்தாலும் உனக்கென்ன என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீடு பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸ். இரண்டே அறை. முன்னறையில் அப்பாவும் டிவியும். உள்ளறையில் ஒரு கட்டில், அதன் தலைமாட்டில் வீட்டின் ஒரே நல்ல பிளக் பாயிண்ட். அதனால் கட்டில்தான் என் ஆபீஸ். சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் லேப்டாப். இடுப்பு வலித்தால் குப்புறப் படுத்துக்கொண்டு டைப் அடிப்பேன். பக்கத்தில் பிளாஸ்கில் டீ. ஆபீஸில் இருந்தவரை தண்ணீர் பிடிக்க, கேண்டீனுக்கு, ஸ்டேஷனுக்கு என்று நடந்தேன் அல்லவா, அதெல்லாம் நின்றுபோனது எனக்கு உறைக்கவே இல்லை. எழுந்திருக்காமல் நான்கு மணி நேரம் வேலை செய்தால் அது சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் வரும். அதில் ஒரு கேள்வி: உங்கள் பணியிடம் எர்கோனாமிக்காக இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எர்கோனாமிக் என்றால் சிக்கனம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஆம் என்று போட்டேன். எங்கள் வீட்டைவிடச் சிக்கனமான இடம் எது?

என் தங்கை இதே ஊரில் இன்னொரு மைன்ஸ் பகுதியான பாலகாட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் குழந்தையை என் கையில்தான் முதலில் கொடுத்தாள். வலது கையை அடியில் கொடுத்து வாங்கினேன். கொஞ்ச நேரம் கொஞ்சிக்கொண்டிருந்தேன். போட்டோ எடுக்கிறவர் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார், பார்த்தேன். திரும்பிக் குழந்தையைப் பார்த்தபோது அவன் தலை என் கையிலிருந்து பாதி நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. என் விரல்கள் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவை விரிந்து கிடந்தன. தங்கையின் மாமியார் பக்கத்தில் இருந்ததால், குழந்தை பசிக்கு அழுகிறது என்பதுபோலச் சட்டென்று அவர் கையில் கொடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குழந்தையை நான் தூக்கவில்லை. தங்கை நீட்டும்போதெல்லாம் கை ஈரம் என்பேன், சளி பிடித்திருக்கிறது என்பேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது? கை வலிக்கிறது என்று சொல்ல முடியாது. வலிக்கவில்லை, கை இல்லாத மாதிரி இருக்கிறது. அதுவும் எப்போதும் இல்லை. காய் நறுக்கும்போது ஒன்றும் செய்யாது. பேப்பர் படிக்கும்போது, போன் பிடிக்கும்போது வரும். தூக்கத்தில் எழுப்பிவிடும். இப்படி ஒன்றை யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூன்றாவது மாதம் தங்கை நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, என் கொயந்தயத் தூக்குனா உனுக்கு இன்னா ஆயிடும்?"

ஒன்றும் ஆகாது என்றேன். அப்படியென்றால் தூக்கு என்றாள். தூக்கவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போன்கூட இல்லை.

அவரவருக்கு ஒரு காரணம் தெரிந்திருந்தது. போன்தான் காரணம் என்றார் கணவர். துணி பிழிவதுதான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, வாஷிங் மெஷின் வாங்கிய பிறகு அவள் கை சரியாகிவிட்டதாம். டேங்கர் வரும் நாளில் குடம் தூக்குவதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பா மட்டும் தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அவர் சுரங்கத்தில் பாறையில் துளை போடும் மெஷின் பிடித்தவர். குளிர்காலத்தில் அவர் விரல்கள் நுனியிலிருந்து வெளுத்துப்போகும், சட்டைப் பித்தான் போட வராது. அம்மா இருந்தவரை அம்மாதான் போட்டுவிடுவார். "இது நம்ம வூட்டு கைம்மா. எனுக்கு வந்துது, உனுக்கும் வந்துட்சி" என்றார். அவர் சொன்ன விதத்தில் ஒரு சமாதானம்கூட இருந்தது. நான் பயந்துபோனேன். ஹாஸ்டலில் படிக்கிற என் மகளுக்கும் வருமோ என்று யோசித்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் சத்துக்குறைவு என்று மாத்திரையும் தடவிக்கொள்ள மருந்தும் கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. கை மரத்துப்போகிறது என்று ஒரு வரிதான் சொன்னேன், வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதம் சாப்பிட்டேன். உடம்பில் தெம்பு வந்தது, கை அப்படியே இருந்தது. பிறகு கோலாரில் இன்னொருவர். அவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று எனக்கே காட்டினார். அங்கே தேய்ந்திருந்ததை நானும் பார்த்தேன். கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார். பட்டை போட்டால் மடியில் இருக்கும் லேப்டாப் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை மார்புக்கு நேராக உயர்த்திப் பிடித்து அடித்தேன். கழுத்து வலி குறைந்தது, மரப்பு மணிக்கட்டுவரை ஏறியது. இரண்டு டாக்டர்களும் சொன்னது பொய்யில்லை. இருந்தும் கை ஏன் சரியாகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவதாக, ஆபீஸுக்குப் போகும் ஒரு நாளில், பெங்களூரில் நரம்புக்கு என்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். கன்னடத்துக்காரர், தமிழ் பேசுவார். அவர் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

"எந்த விரல் மரத்துப்போகுது, சொல்லுங்க" என்றார்.

எல்லா விரலும் என்றேன். சுண்டுவிரலுமா என்றார். ஆமாம் என்று வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக இந்தக் கையோடு இருக்கிறேன், எந்த விரல் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அவர் என் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் ஒரு பாதி, வரிசையாக மரத்துக்கொண்டு வந்தன. சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு விரலில் பாதி மட்டும் மரக்கும் என்பதை என் கையிலேயே பார்த்தும் நம்ப முடியவில்லை.

பிறகு சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பைச் சோதித்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு அவர் நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரை நான் நூறு தடவையாவது அடித்திருப்பேன். ஒரு எழுத்துப் பிசகாமல் இப்போதும் அடிப்பேன். அது என்ன என்று மட்டும் எனக்குத் தெரியாது. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது, விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன, கையை வளைத்தபடியே மணிக்கணக்கில் வேலை செய்தால் நாண்கள் வீங்கி நரம்பை நெரிக்கும் என்று அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். கழுத்துத் தேய்மானம் பற்றிக் கேட்டேன். "அது இருக்கு. ஆனா இது அதனால இல்ல" என்றார். தூங்கும்போது மணிக்கட்டு வளையாமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். உட்காரும் விதத்தை மாற்றுங்கள், ஆறு வாரம் கழித்து வாருங்கள், குறையாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார்.

உட்காரும் விதத்தை எப்படி மாற்றுவது என்று ஒரு தாளும் கொடுத்தார். அதில் ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முழங்கை மடங்கும் இடம், முட்டி மடங்கும் இடம் எல்லாம் கோணமட்டம் வைத்ததுபோலச் செங்கோணமாக இருந்தன. ஸ்கிரீன் கண்ணுக்கு நேரே இருந்தது, பாதம் தரையில் இருந்தது. பார்க்க எளிதாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அப்பா துணி மடித்து வைக்கும் மேசையை உள்ளறைக்கு இழுத்தேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். லேப்டாப்புக்கு அடியில் மகளின் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி ஸ்கிரீனைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தேன். இப்போது தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடித்துத்தான் அடிக்க முடிந்தது. இரண்டே நாளில் கை மோசமானது. புத்தகங்களை எடுத்தேன். கை தேறியது, கழுத்து பிடித்துக்கொண்டது. புத்தகங்களைப் பாதி வைத்தேன். இரண்டும் வலித்தன. எனக்கு அழுகை வந்தது. ஸ்கிரீனும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளில் ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் எப்படி வைப்பது? அந்தத் தாளில் இருந்தவனிடம் இருந்தது லேப்டாப்பே இல்லை என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அந்த வாரம்தான் கம்பெனிப் படிவம் வந்தது. இந்த முறை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பார்த்தேன். வேலையை ஆளுக்குப் பொருந்தும்படி அமைப்பது என்று போட்டிருந்தது. இல்லை என்ற கட்டத்தைத் தொட்டேன். வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெண் போன் செய்து, இத்தனை நாள் ஆம் என்று போட்டிருக்கிறீர்களே, இப்போது என்ன மாறியது என்று கேட்டாள். நான் மாறவில்லை, அர்த்தம் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வீடு மாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தனியாக ஒரு கீபோர்டும் மௌஸும் கூரியரில் வந்தன.

மேசை என் கணவரின் வேலை. அவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காட்டியபோது என் கால்கள் தரையைத் தொடவில்லை. நான் நாலடி பத்தங்குலம். அவர் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க ஃபேக்டரில ஒரு மெஷின் வந்தா, ஓட்றவன நிக்க வெச்சி அளவெடுத்துத்தான் அதுக்கு உயரம் வெப்போம். உனுக்கு யார் வெச்சாங்க?"

"யாரும் வெக்கலிங்க. நானே உக்காந்துக்கினேன்."

ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. குதிகாலிலிருந்து முட்டிக்கு, உட்காரும் இடத்திலிருந்து முழங்கைக்கு, தரையிலிருந்து கண்ணுக்கு என்று அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். என் மேசை இருபத்து மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும் என்று வந்தது. வீட்டில் இருந்தது முப்பது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் போட்டு, ரசமட்டம் வைத்து மேசையின் நான்கு காலையும், என் பாதம் தரையைத் தொடும்படி நாற்காலியின் கால்களையும் அறுத்தார். உள்ளே கொண்டுபோய் வைத்தால் மேசை ஆடியது. எங்கள் குவார்ட்டர்ஸின் தரை சாக்கடைப் பக்கம் சரிவு என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மறந்துவிட்டார். ஒரு காலுக்கு மரத்துண்டு வைத்தார். உட்கார்ந்து பார்த்தேன். டிராயர் தொடையில் இடித்தது. அவர் டிராயரைக் கழற்றினார். தொழிற்சாலையில் மைக்ரான் கணக்குப் பார்க்கிற மனிதர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் அன்று முதல் தடவையாகத் தோள் தானாக இறங்கியது. முழங்கை உடம்பை ஒட்டி, மணிக்கட்டு நேராக, விரல்கள் கீபோர்டின்மேல் சும்மா கிடந்தன. லேப்டாப் மட்டும் புத்தகங்களின்மேல் கண்ணுக்கு நேரே இருந்தது. இதுதான் அந்தத் தாளில் இருந்த இடம் என்று புரிந்தது. எனக்கு அது வேலை செய்கிற மாதிரியே இல்லை. சிரமம் இல்லாததால் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும் என்று போனில் மணி வைத்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்குப் போய், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். பைத்தியமா என்று அப்பா ஒரு பார்வை பார்ப்பார்.

ஐந்தாவது வாரம், நான் வேலையில் இருந்தபோது தங்கை வந்தாள். எங்களுக்குள் பேச்சில்லை என்பதால் அப்பாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். பகலில் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்ட நான், மணிக்கட்டுப் பட்டையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். கதவருகிலேயே நின்றாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இதென்ன என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன், பெயர் வைத்த நாளில் தலை நழுவியதையும் சேர்த்து. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, தன் இடது கையை என் முன்னால் நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரம் வீங்கியிருந்தது.

"எனுக்கும் கைதான்க்கா. பால் பாட்டில் மூடிகூடத் தெறக்க வரல. புள்ள பெத்த ஒடம்பு, வாயுன்றாங்க. நீயாவது கொஞ்ச நேரம் தூக்கிக்கினா கை ஆறும்னுதான் ஒவ்வொரு தரமும் உங்கிட்ட நீட்னேன்."

மாதக்கணக்கில் அவள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாள். நான் அவளை எதற்கெடுத்தாலும் மனம் நோகிறவள் என்று நினைத்தேன். அவள் கையை என் இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கையால் பிடித்தால் எனக்குத் தெரியாது என்பதற்காக. அரை மணி ஆனது என்று மேசைமேல் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரம் டாக்டரம்மாவிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். ஒரே நோய்தானே, தானும் காட்டிவிடுகிறேன் என்றார். முப்பது வருஷத்தில் அவர் அந்தக் கையை ஒரு டாக்டரிடமும் காட்டியதில்லை. வேலையில் இருந்தபோது சொல்லியிருந்தால் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு சுரங்கத்துக்கு மேலே, சம்பளம் குறைந்த வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லையாம். பிறகு மைன்ஸை மூடிவிட்டார்கள், சொல்லவே தேவையில்லாமல் போய்விட்டது. மூன்று பேரும் ஒரு கைக்குழந்தையும் காலை ரயிலில் போனோம். குழந்தையை இரண்டு கையாலும் அணைத்து, முழங்கை மடிப்பில் அவன் தலையை வைத்து, பங்காரப்பேட்டைவரை நான்தான் வைத்திருந்தேன். விரல்களை நம்ப வேண்டியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அப்பா வாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா மூன்று பேரின் கையையும் வரிசையாகப் பார்த்தார். முடிவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று கைக்கும் மூன்று நோய். எனக்கு நரம்பு. தங்கைக்குக் கட்டைவிரலை விரிக்கும் நாண்கள் வீங்கியிருந்தன. குழந்தையின் அக்குளில் கட்டைவிரலைக் கொடுத்து ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தூக்கியதால் வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, அடியில் இரண்டு கையையும் நுழைத்துத் தூக்க வேண்டும் என்று அங்கேயே குழந்தையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் அசையாமல் இருக்க அவளுக்கும் ஒரு பட்டை கொடுத்தார். அப்பாவுக்கு எல்லா விரலும். மெஷினின் அதிர்வு வருஷக்கணக்காக ஏறி ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்துவிட்டது என்றார்.

"அப்போ இது எம்பொண்ணுக்கு எங்கிட்டருந்து வர்லியா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல. அவங்களுக்கு அவங்க வேல, உங்களுக்கு உங்க வேல."

அப்பா நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது. தன்னுடையதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். பெரிதாக முடியாது, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புகை பிடிக்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது ரயிலில் அப்பா, ஒயிட்ஃபீல்டு தாண்டியதும், அன்றைக்கே ஒருவர் கையுறை கொடுத்து, மாற்றி மாற்றி ஆள் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். குறைந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லையா, வாங்கியும் கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் நானும் தங்கையுமாக அவர் சட்டைகளில் பித்தான்களை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை வைத்துத் தைத்தோம். அவர் அதைப் போட மாட்டேன் என்றார். மார்கழியில் போட்டுக்கொண்டார்.

தங்கையின் கை இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. என்னுடையது அவ்வளவு சீக்கிரம் ஆகவில்லை. ஆறாவது வாரம் போனபோதே டாக்டரம்மா, கொஞ்சம் குறைவு, இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம் என்றிருந்தார். அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் ஒன்றுமே செய்யாமல் மரத்துப்போகும். நன்றாக இருந்த நாளில் என்ன செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். மேசை, பட்டை, அரை மணிக்கு எழுந்தது, துணி பிழியாதது, போனை இடது கையில் பிடித்தது, சத்து மாத்திரை. எந்த நாளைப் பார்த்தாலும் எல்லாமே இருந்தது. ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம் என்றால் பயமாக இருந்தது.

ஆறாவது மாதம் மறுபடி ஷாக் வைத்துச் சோதித்தார்கள். நரம்பு தேறியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நோட்டைக் காட்டி, எதனால் சரியானது என்று கேட்டேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

"ஸ்வல்ப ஸ்வல்ப, கொஞ்சம் கொஞ்சம் எல்லாத்தாலயும்தாம்மா. எதனால வந்துதுன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்ல முடியாது."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வேறு பதில் அவரிடமும் இல்லை. மருந்தால் சரியானது என்றால் மருந்துக்கு நன்றி சொல்லலாம். மேசையின் உயரத்துக்கும் எழுந்து நடந்ததற்கும் எப்படி நன்றி சொல்வது? அதைவிட, வருஷக்கணக்கில் கட்டிலில் உட்கார்ந்து என் கையை நானே இப்படிச் செய்துகொண்டேனா, கம்பெனி செய்ததா, வீட்டில் இடமில்லாததா என்று யார்மேல் கோபப்படுவதென்றும் தெரியவில்லை. கணவரிடம் கேட்டேன். மேசை ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆடவில்லை என்றேன்.

இப்போது முக்கால்வாசி நாட்கள் கை என்னுடையதாகத்தான் இருக்கிறது. நடுவிரல் நுனியில் மட்டும் ஏதோ ஒரு மெல்லிய துணி சுற்றியதுபோல இருக்கிறது, அல்லது இருக்கிறதுபோல எனக்குத் தோன்றுகிறது. காலையில் எழுந்ததும் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், துண்டைத் தொட்டுப் பார்ப்பேன். சொரசொரப்பு தெரிகிறது. இடது கையாலும் தொட்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றா என்று கேட்டால் ஒன்று மாதிரிதான் இருக்கிறது. முன்பு எப்படி இருந்தது என்பதுதான் மறந்துவிட்டது.